மூக்கின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி: தமிழ்நாட்டு முகங்களை அளந்த எட்கர் தர்ஸ்டன் கதை

பெருங்குடியில் ஆபீஸ் முடிந்ததும், ஓஎம்ஆர் டிராஃபிக்கில் சிக்குவதற்கு முன்பாகப் பல் மருத்துவரைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பும் இளைஞர்கள் நிறைய. பல் கொஞ்சம் எடுப்பாக இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னாடி கிளிப் போட்டுடலாம் என்பது திட்டம். ஆனால் போன உடனே யாரும் கிளிப் மாட்டிவிடுவதில்லை. முதலில் பக்கவாட்டில் நிற்க வைத்து முகத்தை ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். இதற்குச் செஃபலோகிராம் என்று பெயர். அந்தப் படம் கம்ப்யூட்டருக்குப் போகும். மண்டை ஓட்டின் மேல் வரிசையாகப் புள்ளிகள் விழும், கோடுகள் அவற்றை இணைக்கும், கோணங்கள் கணக்காகும். கடைசியில் ஒரு பட்டியல் வரும். ஒரு பக்கம் உங்கள் அளவு, பக்கத்திலேயே இருக்க வேண்டிய அளவு.

யாருடைய முகத்தை வைத்து அந்த 'இருக்க வேண்டிய அளவு' தீர்மானிக்கப்பட்டது?

அந்தப் புள்ளிகளில் ஒன்றின் பெயர் நேசியான். நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் சேரும் இடம் அது. விரலை நெற்றியிலிருந்து கீழே இறக்கினால், இரண்டு கண்களுக்கு நடுவே லேசாகப் பள்ளமாகும் இடத்துக்குப் பக்கத்தில் வரும். மேல்தாடை எவ்வளவு முன்னால் இருக்கிறது, கீழ்த்தாடை எவ்வளவு பின்னால் இருக்கிறது என்ற கணக்குகளில் பல இந்தப் புள்ளியை நம்பித்தான் நிற்கின்றன.

சுமார் 120 வருடங்களுக்கு முன்பு இதே புள்ளியை, இதே தமிழ்நாட்டில், வெள்ளை பெயின்ட் தொட்டு மனிதர்களின் நெற்றிக்குக் கீழே குறித்துக்கொண்டிருந்தார் ஒருவர். அவர் பல் டாக்டர் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவர். பெயர் எட்கர் தர்ஸ்டன்.

யார் இந்த தர்ஸ்டன்?

1855-ல் பிறந்த ஆங்கிலேயர். ஈட்டன் பள்ளியில் படிப்பு, பிறகு லண்டன் கிங்ஸ் காலேஜில் மருத்துவம். 1877-ல் மருத்துவராகத் தகுதி பெற்றார். கென்ட் பகுதியில் ஒரு மனநலக் காப்பகத்தில் மருத்துவ அதிகாரியாக வேலை பார்த்தார். அப்புறம் கிங்ஸ் காலேஜ் அருங்காட்சியகத்தில் காப்பாளர். நோயாளிகளைப் பார்ப்பதைவிடப் பொருட்களைச் சேகரித்து, வகை பிரித்து, பெயர் எழுதி ஒட்டுவதில்தான் அவருக்கு மனம் போனது என்று அவருடைய பிற்கால வாழ்க்கையைப் பார்த்தால் சொல்லிவிடலாம்.

1885-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் வேலை கிடைத்தது. ஜார்ஜ் பிடி என்பவருக்கு அடுத்து இந்தப் பொறுப்புக்கு வந்தார். 1908 வரை, அதாவது 23 வருடம், பாந்தியன் சாலை வளாகம் அவர் கையில் இருந்தது. கூடவே சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பாடமும் எடுத்தார்.

ஆரம்பத்தில் அவர் மனிதர்கள் பக்கமே வரவில்லை. பழைய நாணயங்களுக்குப் பட்டியல் போட்டார். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்கு எடுப்பு, கடல் உயிரினங்கள் பற்றி எழுதினார். அவர் நினைவாகப் பெயர் வைக்கப்பட்ட உயிரினங்களில் ஒரு திருக்கை மீனும் உண்டு: மொபுலா தர்ஸ்டோனி. மீனை அளப்பது, சிப்பியை அளப்பது, நாணயத்தை அளப்பது. அடுத்து மனிதன்.

கடன் வாங்கிய கருவிகள்

1894-ல் கல்கத்தாவின் ஆசியவியல் கழகத்திடமிருந்து மனித உடலை அளக்கும் கருவிகளை இரவல் வாங்கினார் தர்ஸ்டன். முதல் பயணம் நீலகிரிக்கு. தோடர், கோத்தர், படகர் ஆகிய மக்களை அளக்கத் தொடங்கினார். சென்னையில் வெயில் 100 டிகிரியைத் தொடும்போது மலையில் ஆராய்ச்சி செய்வது ரொம்ப அவசியம்தான் என்று அவரைச் சக அதிகாரிகள் கிண்டலடித்ததை அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டே எழுதி வைத்தார்.

மலையோடு அது நிற்கவில்லை. சென்னை நகரத்துச் சமூகங்களை அளந்தார். மாகாணம் முழுக்கச் சுற்றினார். அருங்காட்சியகத்தில் இதற்கென்று ஒரு ஆய்வுக்கூடமே அமைந்தது. தலையின் நீளம், அகலம், முகத்தின் அகலம், மூக்கின் நீளம், அகலம், உயரம், தோள் என்று எல்லாமே எண்களாகின. தோலின் நிறத்தைக்கூட டின்டோமீட்டர் என்ற கருவியை வைத்து எண்ணாக்கப் பார்த்தார். புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. பழங்குடி மக்களின் பாட்டு ஃபோனோகிராஃபில் பதிவானது.

1901-ல் இந்தியா முழுவதற்குமான இனவரைவியல் கணக்கெடுப்பை பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அகில இந்தியப் பொறுப்பு ஹெர்பர்ட் ரிஸ்லியிடம் போனது. சென்னை மாகாணத்துக்கு தர்ஸ்டன். அவருக்குத் துணையாக அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கே.ரங்காச்சாரி.

மூக்கை ஏன் அளந்தார்கள்?

இதில் ரிஸ்லியின் பங்கு பெரியது. வங்காளத்தில் எடுத்த அளவுகளை வைத்து 1890-களின் தொடக்கத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மூக்கு எவ்வளவு குறுகலோ, சாதி அடுக்கில் அவ்வளவு மேலே. மூக்கு எவ்வளவு அகலமோ, அவ்வளவு கீழே. அதாவது சாதி என்பது சமூகம் கட்டிய படிக்கட்டு இல்லை, அதன் அடியில் இரத்தமும் எலும்பும்தான் இருக்கின்றன என்பது அவர் வாதம். இந்த வாதத்துக்கான அளவுகோலின் பெயர் மூக்குக் குறியீடு.

கணக்கு ரொம்ப சிம்பிள். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். விடை 70-க்குக் கீழே என்றால் குறுகிய மூக்கு. 70 முதல் 85 வரை நடுத்தரம். 85-க்கு மேலே போனால் அகன்ற மூக்கு.

ஒருவருக்கு அகலம் 36 மில்லிமீட்டர், உயரம் 45 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறியீடு 80. அவர் நடுத்தர வகை. மூக்கின் உயரத்தை நேசியானிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் அந்த இடம் தோலுக்கு அடியில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படித் தடவும்போது புள்ளியை 3 மில்லிமீட்டர் கீழே வைத்துவிட்டால் உயரம் 42 ஆகிவிடும். குறியீடு 85.7. இப்போது அதே ஆள் அகன்ற மூக்கு வகை. புள்ளி நகர்ந்தது 3 மில்லிமீட்டர்தான். மனுஷன் வேறு வகைக்கே போய்விட்டார்.

தர்ஸ்டன் வெள்ளை பெயின்ட்டில் அந்தப் புள்ளியைக் குறித்துக்கொண்டது இந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கத்தான். வேலையில் அவர் கவனமானவர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எவ்வளவு கவனமாக அளந்தாலும், அந்த எண்ணிலிருந்து எடுக்கும் முடிவு தப்பாக இருக்கலாம்.

ஓடி ஒளிந்த மக்கள்

அளக்கப்பட்டவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? அவர்கள் எழுதி வைத்த குறிப்பு எதுவும் நம்மிடம் இல்லை. ஆனால் தர்ஸ்டனின் எழுத்திலேயே அவர்களுடைய பயம் தெரிகிறது. அவர் அதை வேடிக்கையாகச் சொல்கிறார். இன்று படிக்கும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்கள். தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பிடித்து, பாடம் செய்து, சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்று பயந்தார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பஞ்சடைத்த விலங்குகள் நிற்கும் அந்தக் கட்டடத்தை சென்னைக்காரர்களே 'செத்த காலேஜ்' என்றுதான் அழைத்தார்கள். உயிருள்ள விலங்குகள் இருந்த பூங்கா 'உயிர் காலேஜ்'. காலிப்பரோடு வந்து நிற்கும் செத்த காலேஜ் தலைவரைப் பார்த்து ஓடாமல் என்ன செய்வார்கள்?

நீலகிரியில் ஒரு இருளர், எப்போதோ செய்த சின்னக் குற்றத்துக்காகத் தேடப்பட்டவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்கு மரம் என்று நினைத்து அதில் நிற்கவே மறுத்துவிட்டார்.

கோயம்புத்தூரில் மொழியே வில்லனானது. அங்கே கல், மண் வேலை செய்யும் ஒட்டர் மக்கள் தங்களைப் போயர் என்று சொல்லிக்கொள்வார்கள். அப்போதுதான் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் நடந்த போர் முடிந்திருந்தது. அங்கே செத்துப்போன போயர்களுக்குப் பதிலாக இந்தப் போயர்களைக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் ஊரை விட்டுப் போகும்வரை புதுச் செங்கல் சூளைக்கு நெருப்பே வைக்கவில்லை. அவர் கண் பட்டுவிடுமாம்.

மைசூர்ப் பகுதியில் அந்த வெள்ளைப் புள்ளியே பயத்துக்குக் காரணமானது. பெயின்ட் பட்ட இடம் கொப்பளித்து ஒரு எண்ணாக மாறும், பிறகு அந்த எண்ணை அடையாளம் வைத்துத் தங்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று மக்கள் நம்பினார்கள். ஊர் ஊராக அவருக்கு முன்னால் ஓடினார்கள்.

பெயின்ட் விஷயத்தில் அவர்கள் கணிப்பு தப்பு. எண் விஷயத்தில் அது அப்படியொன்றும் தப்பில்லை.

போலீஸுக்கு வகுப்பெடுத்த அருங்காட்சியகம்

அந்தக் காலத்தில் பாரிஸ் போலீஸில் பெர்டிலான் என்பவர், உடல் அளவுகளை வைத்துக் குற்றவாளிகளை அடையாளம் காணும் முறையைக் கொண்டுவந்திருந்தார். தலை, கை, கால், காது என்று அளந்து அட்டையில் எழுதி வைத்தால், அதே ஆள் மறுபடி சிக்கும்போது கண்டுபிடித்துவிடலாம் என்பது யோசனை. இந்த முறையில் சென்னை போலீஸாருக்கு தர்ஸ்டன் பயிற்சி கொடுத்தார்.

ஆனால் போலீஸுக்கே சீக்கிரம் இது அலுத்துவிட்டது. ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தால் இரண்டு விடை வந்தது. 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகியோர் கைரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கினார்கள். கைரேகை தனி ஆளைக் காட்டும். அவர் எந்தக் கூட்டம் என்று சொல்லாது. ஒரு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வந்தபோது, முக அளவைப் போலீஸே கைவிட்டது. ஒரு கூட்டத்துக்கு முத்திரை குத்த மட்டும் அந்த அளவு இன்னும் கொஞ்ச காலம் பயன்பட்டது.

ஏழு தொகுதிகள்

1908-ல் ஓய்வு. மறு வருடம், 1909-ல், சென்னை அரசு அச்சகம் அவருடைய பெரிய படைப்பை வெளியிட்டது. தமிழில் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற பெயரில் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் கொண்டுவந்த அந்த ஏழு தொகுதிகள்தான் இன்றும் தர்ஸ்டன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 300-க்கும் மேற்பட்ட சமூகங்கள். கல்யாணச் சடங்கு, சாவுச் சடங்கு, தொழில், சாப்பாடு, கதைகள், நகைகள், பச்சை குத்தல் என்று கொட்டிக் கிடக்கிறது. அட்டைப் பக்கத்திலேயே ரங்காச்சாரியின் பெயரும் உண்டு.

இந்தத் தொகுதிகளின் நீண்ட முன்னுரை முழுக்க அளவுகள்தான். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரே தோண்டி எடுத்த மண்டை ஓடுகளும் அதில் வருகின்றன. சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அந்த ஓடுகளில் இரண்டுக்குத் தாடை நன்றாக முன்னால் நீண்டிருப்பதை தர்ஸ்டன் குறித்து வைத்தார். தாடை முன்னால் நீள்வது என்ற இதே விஷயம் பின்னால் பல் மருத்துவரின் நாற்காலியில் வேறு வேஷத்தில் திரும்பி வரும்.

கணக்கு எங்கே உதைத்தது?

தர்ஸ்டன் பல சமூகங்களில் அளந்தது சில பத்துப் பேரைத்தான். அதுவும் பெரும்பாலும் வயதுவந்த ஆண்கள். அந்தச் சராசரிதான் ஒரு சமூகத்துக்கே முகம் ஆனது. ஆனால் முன்னுரையில் அவர் மூக்குக் குறியீட்டின் சராசரிக்குப் பக்கத்திலேயே அதிகபட்ச அளவையும் கொடுத்திருந்தார். ஒரே சமூகத்துக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ஜி.எஸ்.குர்யே. 1932-ல் வந்த அவருடைய புத்தகம், ரிஸ்லியின் மூக்குக் கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. கங்கைச் சமவெளியின் ஒரு பகுதியைத் தாண்டினால், சாதி அடுக்குக்கும் உடல் அளவுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான ஒழுங்கு எதுவும் இல்லை என்று காட்டியது. தெற்கிலும் இல்லை.

அடுத்த வருடம் புள்ளியியல் அறிஞர் பி.சி.மகாலனோபிஸ் ரிஸ்லியின் வங்காள எண்களையே எடுத்துத் திருத்தும் வேலையில் இறங்கினார். இப்படி மனித அளவுகளோடு மல்லுக்கட்டியதிலிருந்துதான் 1936-ல் அவருடைய புகழ்பெற்ற சூத்திரம் முழு வடிவம் பெற்றது. இன்று ஓஎம்ஆரில் டேட்டா சயின்ஸ் வேலை பார்ப்பவர்கள் தினமும் கூப்பிடும் மகாலனோபிஸ் தூரம் அதுதான். மூக்கு என்ற ஒரே அளவை வைத்து யாரையும் எங்கேயும் உட்கார வைக்க முடியாது. எல்லா அளவுகளையும், அவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்பதையும், ஒரு கூட்டத்துக்குள்ளேயே எவ்வளவு சிதறல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நிற்கும்.

மூக்கு ஏன் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது என்பதற்கும் வேறு விடை கிடைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான இடங்களில் மூக்கு அகலமாகவும், குளிர்ந்த வறண்ட இடங்களில் குறுகலாகவும் இருக்கும் போக்கு 1923-லேயே கவனிக்கப்பட்டது. 2017-ல் வெளியான மரபியல் ஆய்வும் மூக்குத் துவாரங்களின் அகலத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் தொடர்பைக் காட்டியது. உள்ளே போகும் காற்றைப் பதப்படுத்துவது மூக்கின் வேலை. சாதி அடுக்கைத் தாங்குவது அதன் வேலை இல்லை. 1972-ல் ரிச்சர்ட் லெவான்டின் போட்ட மரபணுக் கணக்கு இன்னும் ஒரு படி மேலே போனது: மனிதர்களுக்கு இடையிலான மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதே 1855, இன்னொரு அளவுக்காரர்

தர்ஸ்டன் பிறந்த அதே 1855-ல் அமெரிக்காவில் பிறந்தவர் எட்வர்ட் ஆங்கிள். பல் சீரமைப்புத் துறையின் தந்தை என்று கொண்டாடப்படுபவர். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை வைத்து 1899-ல் அவர் செய்த வகைப்பாடு இன்றும் கல்லூரிகளில் முதல் பாடம். ஆனால் அழகான முகத்துக்கு அவர் முதலில் பிடித்துக்கொண்ட மாதிரி எது தெரியுமா? ரோம் நகரின் வாட்டிகனில் நிற்கும் அப்பல்லோ பெல்வெடெர் என்ற பளிங்குச் சிலை. ரத்தமும் சதையும் உள்ள எந்த மனிதரும் இல்லை, ஒரு கல்.

1931-ல் தலையை அசையாமல் நிறுத்திப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கும் முறை அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஒரே நேரத்தில் வந்தது. வெள்ளை பெயின்ட் புள்ளிக்கு அப்போதுதான் விடுதலை. தோலுக்கு அடியில் ஒளிந்திருந்த நேசியான் எலும்பிலேயே கண்ணுக்குத் தெரிந்தது.

அளப்பது சுலபமானது. எதோடு ஒப்பிடுவது? 1948-ல் வில்லியம் டௌன்ஸ் ஒரு அளவுத் தொகுப்பைக் கொடுத்தார். அதற்கு அடிப்படை 20 பேர். எல்லோரும் 12 முதல் 17 வயதுக்குள் இருந்த, பல்வரிசை அருமையாக அமைந்த வெள்ளைக்கார அமெரிக்கர்கள். 1953-ல் சிசில் ஸ்டெய்னர் கொடுத்த முறையில் மேல்தாடைக்கு 82 டிகிரி, கீழ்த்தாடைக்கு 80, இரண்டுக்கும் நடுவே 2 என்று எண்கள் வந்தன. உலகம் முழுக்க மாணவர்கள் மனப்பாடம் செய்தது இந்த எண்களைத்தான்.

தர்ஸ்டனின் கடைசி வருடங்கள்

இந்தக் கதைகளுக்கு முன்பே தர்ஸ்டன் சென்னையிலிருந்து ரொம்ப தூரம் போயிருந்தார். 1912-ல் தென்னிந்தியச் சகுனங்கள், மூடநம்பிக்கைகள் பற்றி ஒரு புத்தகம். 1913-ல் சென்னை மாகாணத்தின் புவியியல் பற்றி இன்னொன்று. அதன்பிறகு இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வால் பகுதியின் செடிகொடிகள் பக்கம் திரும்பினார். 1930-ல் கார்ன்வாலில் வளரும் மரங்கள், புதர்கள் பற்றிய புத்தகம் வந்தது. வாழ்நாள் முழுக்கச் செய்த அதே வேலைதான்: சேகரி, அள, பட்டியல் போடு. 1935 அக்டோபர் 12-ல் பென்சான்ஸ் என்ற கடலோர ஊரில் காலமானார்.

அவரை வில்லன் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் அவர் சேர்த்து வைத்த சடங்குகள், பாட்டுகள், தொழில்முறைகள் பற்றிய குறிப்புகளை இன்றைக்கும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் மானுடவியல் பிரிவு அவர் காலத்துச் சேகரிப்பில்தான் வளர்ந்தது. நிற்காமல் போனது ஒன்றுதான்: முகத்தை அளந்தால் அதன் சொந்தக்காரர் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை.

நம்ம ஊர் முகத்துக்கு எந்த அளவு?

தர்ஸ்டன் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்த சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத்தான் 1953-ல் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அதுதான் இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. தொடங்கிய வருடத்தைக் கவனியுங்கள். ஸ்டெய்னரின் எண்கள் வந்த அதே வருடம்.

அந்த எண்களை இங்குள்ள முகங்கள் மேல் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் அடிக்கடி வந்தது. பல்வரிசை நன்றாக அமைந்த, எந்தப் பிரச்சினையும் இல்லாத தென்னிந்தியர்களுக்குக்கூட முன்பற்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தும், உதடுகள் கொஞ்சம் தூக்கலாகவும் இருந்தன. வெள்ளைக்காரர் அளவோடு ஒப்பிட்டால் ஆரோக்கியமான முகமே குறையுள்ள முகமாகத் தெரிந்தது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பல்தான் நஷ்டம். முன்பற்களை நன்றாக உள்ளே இழுக்க வேண்டுமென்றால் இடம் வேண்டும். அந்த இடத்துக்காக மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுப்பது வழக்கமான சிகிச்சைகளில் ஒன்று. பலருக்கு அது உண்மையிலேயே தேவை. உதடு மூட முடியாதவர்களுக்கும், இடமே இல்லாமல் பற்கள் நெருக்கியடித்து நிற்பவர்களுக்கும் அதனால் நிஜமான பலன் உண்டு. ஆனால் தேவையா இல்லையா என்ற தராசில் ஒரு தட்டில் அந்த 'இருக்க வேண்டிய அளவு' உட்கார்ந்திருக்கிறது. அது வேறொரு ஊர்ப் பிள்ளைகளின் அளவாக இருந்தால் தராசு ஒரு பக்கம் சாயும்.

துறைக்குள்ளேயே இதைக் கவனித்தார்கள். டௌன்ஸ் முறையை வைத்து அமெரிக்காவின் கறுப்பினத்தவர், ஜப்பானிய, சீன வம்சாவளியினரை அளந்து, அவர்களுடைய இயல்பான அளவு வேறு என்று 1951-லேயே எழுதினார்கள். 1969-ல் வட இந்தியர்களுக்கான அளவுகள் வெளியாகின. பிறகு சென்னை மக்களிடமும் தனி ஆய்வுகள் நடந்தன. நேசியான் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலே தாடைக் கோணம் ஏமாற்றிவிடும் என்பதால், அந்தப் புள்ளியே இல்லாமல் தாடைகளை ஒப்பிடும் முறை ஒன்று 1975-ல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அதன் பெயரே விட்ஸ் அளவு.

அப்போ தமிழருக்குத் தனி அளவு வந்தால் பிரச்சினை முடிந்ததா?

பாதிதான் முடிந்தது. வெள்ளைக்காரர் அளவை எல்லோர் மேலும் வைப்பது தப்பு என்றால், தென்னிந்தியர் என்று ஒரே சராசரி போட்டு எல்லோரையும் அதில் அடைப்பதும் தர்ஸ்டன் போட்ட பெட்டியைத் திரும்பத் திறப்பது மாதிரிதான். பெருங்குடியில் ஒரே அபார்ட்மென்ட்டில், ஒரே குடும்பத்திலேயே, அண்ணனுக்கு ஒரு தாடையும் தங்கைக்கு ஒரு தாடையும் இருக்கும். உள்ளூர் அளவு ஒரு நல்ல தொடக்கப் புள்ளி. அதற்கு மேல் பார்க்க வேண்டியது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு ஆளை: உதடு சிரமமில்லாமல் மூடுகிறதா, கடி சரியா, ஈறு எப்படி, சிரித்தால் எப்படி இருக்கிறது, அவருக்கு என்ன வேண்டும். நல்ல மருத்துவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

கிளிப் போடப் போகிறவர்கள் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். என் எக்ஸ்ரேயை எந்த மக்களின் அளவோடு ஒப்பிடுகிறீர்கள்? பல மென்பொருள்களில் அதை மாற்றும் வசதி உண்டு. பல் எடுக்கச் சொன்னால், அது பல் நிற்க இடம் போதாமலா, கடி சரியில்லாமலா, இல்லை முகத்தோற்றத்துக்காகவா? எடுக்காமல் சிகிச்சை செய்தால் என்ன ஆகும்? எடுத்த பிறகு பக்கவாட்டில் முகம் எப்படி மாறும்? பதில் தெளிவாக வந்தால் நிம்மதியாகச் சிகிச்சையைத் தொடங்கலாம். திருப்தி இல்லையென்றால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதில் தப்பே இல்லை.

மைசூர்ப் பக்கத்து மக்கள் வெள்ளைப் புள்ளியைப் பார்த்துப் பயந்ததற்கு அடியில் ஒரு கேள்வி இருந்தது: இந்த எண் என்னை என்ன செய்யப் போகிறது? அவர்கள் அதைக் கேட்க வழியில்லாமல் ஓடினார்கள். பெருங்குடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஓட வேண்டியதில்லை. அங்கேயே உட்கார்ந்து கேட்கலாம்.